பலனுக்கு வந்தவர்கள்

என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்த புதிதில் எங்கள் வாசலில் செருப்பு விட இடமில்லை. ஆப்பிள், ஆரஞ்சு, பிஸ்கட் பாக்கெட் என்று மேசை நிறைந்து எறும்பு மொய்த்தது. ஒரு மாதம் போனது. செருப்புகள் குறைந்தன. அப்புறம் என் செருப்பும், காலையில் வந்து அவரைத் தூக்கிக் குளிப்பாட்டக் கைகொடுக்கும் வேலைக்கார அம்மாவின் செருப்பும்தான் மிச்சம். அவரவருக்கு ஆயிரம் வேலை இருக்கும், குறை சொல்லக்கூடாது என்பாள் என் மகள். பெங்களூரில் இருந்துகொண்டு சொல்வாள். நான் குறைதான் சொல்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் மாதா கோயில் பங்கில் எல்லாருக்கும் தெரியும்.

இவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மண்ணை வாரித் தள்ளுகிற பெரிய மெஷினில் ஆபரேட்டர். தெற்கே கடலோரத்துக்காரர். நான் பண்ருட்டிப் பக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் ரிட்டையர் ஆகும்வரை நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் குவார்ட்டர்ஸில்தான் எங்கள் வாழ்க்கை. ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸை விட்டுவிட வேண்டும். வடலூர் போகிற ரோட்டில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தோம். வந்து கொஞ்ச நாளிலேயே, ஒரு காலையில் பல் விளக்கப் போனவர் அங்கேயே சரிந்தார். வலப்பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. முழுசாகப் போகவில்லை. ஒன்றிரண்டு வார்த்தை குழறிக் குழறி வரும், எனக்கு மட்டும் புரியும். அதிலும் அவருடைய ஊர்ப் பேச்சுதான் வரும். இத்தனை வருடம் எல்லா ஜில்லாக்காரர்களோடும் பழகிப் பேசிய டவுன்ஷிப் பேச்சு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. ஒரே ஷிஃப்ட், ஒரே மெஷின், ஒரே பங்குக் கோயில். ஒரு மொபெட்டில் இரண்டு பேரும் வேலைக்குப் போவார்கள், வருவார்கள். திருநாளில் மாதா சப்பரத்துக்கு முன்பக்கம் இந்த இருவரும்தான் தோள் கொடுப்பார்கள். இரண்டு பேரும் ஒரே உயரம், அதனால் சப்பரம் ஒரு பக்கம் சாயாது என்று இவருக்குப் பெருமை. இவர் விழுந்த முதல் மாதம் அந்த அண்ணன் தினமும் வந்தார். ஒரு நாள் இவருக்குக் கஞ்சி ஊட்டினார். பாதி வாயோரமாக வழிந்துவிட்டது. துடைத்துவிட்டு எழுந்து போனவர் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் நின்று அழுதார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

அந்த மொபெட் சத்தத்தை இவர் மறக்கவில்லை. மதியம் ஷிஃப்ட் விடுகிற நேரமானால் இவர் கண் வாசல் பக்கம் போய்விடும். கதவைத் திறந்து வை என்று இடது கையால் காட்டுவார். ரோட்டில் லாரி போகும், பஸ் போகும், அதையெல்லாம் சட்டை செய்யமாட்டார். ஒரு மொபெட் வந்தால் மட்டும் தலையைத் தூக்குவார். அது நிற்காமல் போனதும் "நாளைக்கி" என்பார். நாளைக்கு வருவான் என்று அர்த்தம். நாலு வருடமாக இந்த "நாளைக்கி"யைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. வராத மனுஷனுக்காகக் கதவைத் திறந்து வைத்தால் புழுதியும் ஈயும்தான் வரும். ஆனாலும் திறந்து வைத்தேன். வேறு எதைக் கேட்டார் அவர் என்னிடம்?

இப்படி இருக்கும்போதுதான், திருச்சபையில் இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு தடவை வருகிற யூபிலி வருடம் வந்தது.

எங்கள் கோயில் பூசையை இப்போது ஃபோனில் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் ஃபோனை இவர் கட்டிலோரம் சாய்த்து வைப்பேன். அதுதான் எங்களுக்குப் பூசை. அன்றைக்குப் பங்குச்சாமியார் பிரசங்கத்தில் பரிபூரணப் பலனைப் பற்றி விளக்கினார். என் சின்ன வயசில் அப்படித்தான் சொல்வோம், இப்போது நிறைபேறு பலன் என்கிறார்கள். சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனத்தில் பாவம் மன்னிக்கப்பட்டாலும் அதற்குரிய தண்டனை மிச்சம் இருக்குமாம். அதைச் செத்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து கழிக்க வேண்டும். இந்தப் பலன் கிடைத்தால் அந்த மிச்சமும் துடைத்தது போல் போய்விடும். தனக்கென்று வாங்கிக்கொள்ளலாம், இல்லை செத்துப்போன ஓர் ஆத்துமாவுக்கு ஒப்புக்கொடுக்கலாம். உயிரோடு இருக்கிற இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

சும்மா கிடைக்குமா? நிபந்தனை உண்டு. பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். பூசை கண்டு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க வேண்டும். போப்பாண்டவருடைய கருத்துக்காக வேண்டிக்கொள்ள வேண்டும். எந்தப் பாவத்தின் மேலும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், மனசில் ஒட்டு இருக்கக்கூடாது. இதற்கெல்லாம் மேல் ஒரு புண்ணியச் செயல் வேண்டும். ரோமாபுரிக்குப் போய் யூபிலிக்கென்று திறந்து வைத்திருக்கிற கதவு வழியாக நுழையலாம். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் மேற்றிராணியார், அதான் பிஷப், குறித்துக்கொடுத்த கோயிலுக்குப் போகலாம். அதற்கும் வழியில்லாதவர்கள் ஒரு நோயாளியையோ, சிறையில் இருக்கிறவரையோ, தனியாகக் கிடக்கிற வயசானவரையோ போய்ப் பார்க்கலாம், அவர்களிடம் போவதும் கிறிஸ்துவிடம் போகிற யாத்திரைதான் என்றார் சாமியார். நல்ல வார்த்தைதான். அன்றைக்கு எனக்குக்கூடக் கண் கலங்கியது. திரும்பி இவரைப் பார்த்தேன். கண்ணை மூடிக் கிடந்தார். தூங்கிவிட்டார் என்று ஃபோனை அணைத்தேன்.

அடுத்த வாரம் வாசலில் செருப்பு முளைத்தது.

நெய்வேலியிலிருந்து ரோமாபுரிக்கு எத்தனை பேர் போவார்கள்? மேற்றிராணியார் குறித்த கோயிலுக்கும் பஸ் பிடித்துப் போய் வர ஒரு முழு நாள் வேண்டும். சிறைக்குள் யார் விடுவார்கள்? வடலூர் ரோட்டில், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நோயாளி கிடக்கிறாரே! எங்கள் பக்கத்து ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். டவுன்ஷிப்பில் எங்களுக்கு எதிர் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் வந்தார்கள். நாலு வருடமாக ஒரு ஃபோன்கூடச் செய்யாத இவருடைய பழைய ஃபோர்மேன் வந்தார். ஒரு அம்மா கட்டிலுக்கு முன்னால் நின்று, தன்னை ஃபோட்டோ எடுக்கச் சொல்லி என்னிடமே ஃபோனை நீட்டினார். பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். வானத்தில் இருக்கிறவர் ஃபோட்டோ பார்த்துத்தான் நம்புவாரா என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நடுவில் போப்பாண்டவர் இறந்துபோனார். உலகமே துக்கத்தில் இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பெரியவருக்கு ஒரே கவலை. புதுப் போப் வரும்வரை யாருடைய கருத்துக்காக வேண்டுவது? வேண்டாவிட்டால் இன்றைக்கு இவ்வளவு தூரம் வந்தது வீணாகிவிடுமே என்று என்னிடம் கேட்டார். என்னைக் கேட்டால்? படுத்திருக்கிறவர் கருத்துக்காக வேண்டிவிட்டுப் போங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

இவர் என்னவோ சந்தோஷமாக இருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தினமும் முகம் மழிக்கச் சொல்லிக் கன்னத்தைத் தடவிக் காட்டுவார். பனியன் வேண்டாம், சட்டை போட்டு விடு என்பார். வந்தவர்களுக்கெல்லாம் இடது கையை நீட்டுவார். அவர்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் விசுவாசப் பிரமாணமும் அவசர அவசரமாகச் சொல்லிவிட்டு எழுந்துகொள்வார்கள். தன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நம்புகிறாரே, பாவி மனுஷன் என்று எனக்கு இருக்கும். உண்மையைச் சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லி என்ன ஆகப்போகிறது, சட்டையாவது போட்டுக்கொள்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

எனக்கும் அந்தப் பலன் வேண்டும் என்று ஆசை இருந்தது. ஏன் இருக்கக்கூடாது? முதல் வெள்ளிக்கிழமை சாமியார் நற்கருணை கொண்டுவருவார். இவரால் முழு அப்பத்தை விழுங்க முடியாதென்று உடைத்துப் பாதியை இவர் நாக்கிலும் பாதியை என் கையிலும் வைப்பார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை அவரை வாசல் வரைக்கும் வழியனுப்பப் போனபோது கேட்டேன். வெளியிலிருந்து வந்து கால் மணி நேரம் பார்க்கிறவர்களுக்குப் பலன் உண்டு, விடிந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் பார்க்கிற எனக்கு உண்டா என்றேன். சாமியார் சின்ன வயசுக்காரர், நல்லவர். போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது, நீங்கள் வீட்டிலேயே இருக்கிறீர்களே என்று யோசித்தார். கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

உண்டு என்றே சொல்லியிருந்தாலும் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. நான் பாவசங்கீர்த்தனம் செய்து வருடக்கணக்காகிவிட்டது. சாமியார் வீட்டுக்கு வரும்போது செய்யலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் எங்கே நின்று பேசினாலும் இவர் காதில் விழும். நான் சொல்ல வேண்டிய பாவம் இவர் காதில் விழக்கூடாதது. சில விடியற்காலைகளில், படுக்கைப் புண்ணைத் துடைத்து மருந்து வைக்கும்போது, இவரைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளேன் ஆண்டவரே என்று வேண்டியிருக்கிறேன். அது அவர் கஷ்டம் தீரவா, என் கஷ்டம் தீரவா என்று எனக்கே தெரியவில்லை. அதைக் கோயிலில், சாமியார் உட்காருகிற கூண்டின் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் மண்டி போட்டுக்கொண்டுதான் சொல்ல முடியும். அதற்கு எனக்கு ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் இவர் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். எச்சில் புரையேறினால் தூக்கி உட்காரவைக்க வேண்டும், தனியாக விட்டுப் போக முடியாது. எதிர்வீட்டில் இருப்பவர்கள் ஷிஃப்ட் ஆட்கள், பகலெல்லாம் தூங்குவார்கள். காலையில் வருகிற அம்மாவுக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருக்கும்.

வந்துபோகிறவர்களில் ஒருவரைக் கேட்டால் என்ன என்று தோன்றியது. ஃபோட்டோ எடுக்கச் சொன்ன அம்மா மறுபடியும் ஒரு சாயங்காலம் வந்திருந்தார். முதல் தடவை தனக்கு, இந்தத் தடவை செத்துப்போன மாமியாருக்கு. அவரிடம் கேட்டேன்.

"அக்கா, ஒரு மணி நேரம் இவரு பக்கத்துல உக்காந்துகினு இருக்கீங்களா? நான் கோயிலுக்கு ஓடிப்போய் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்துடறேன்."

"ஐயோ, எப்படிங்க முடியும்? இன்னிக்கி நான் பூசைக்குப் போய் நன்மை வாங்கியே ஆவணும். இல்லன்னா இவரை வந்து பாத்தது சேராதுல்ல?"

சட்டப்படி பார்த்தால் அந்த அம்மா சொன்னதில் தப்பே இல்லை. அவர் வந்தது பலனுக்கு. பலனுக்கு நன்மை வாங்க வேண்டும், நன்மைக்குப் பூசைக்குப் போக வேண்டும், பூசைக்குப் போக இங்கிருந்து எழுந்திருக்க வேண்டும். நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே இருந்தால் நோயாளியைப் பார்த்த பலன் போய்விடும். நான் வாசல் வரைக்கும் போய் நல்லபடியாக அனுப்பிவைத்தேன். உள்ளே வந்து அவர் குடித்த டம்ளரைத் தேய்த்தேன், தேய்த்தேன், அப்படித் தேய்த்தேன்.

இத்தனை பேர் வந்தும் அந்த அண்ணன் வரவில்லை. இவர் மொபெட்டுக்குத் தலையைத் தூக்குவதும் நிற்கவில்லை. அறை நிறைய ஆட்கள் இருந்தாலும் ரோட்டில் அந்தச் சத்தம் கேட்டால் கண் அங்கே போய்விடும்.

அண்ணனுடைய சம்சாரம் போன வருடம் மழைக்காலத்தில் இறந்துபோனார். எனக்கு நெருங்கியவர். பிரசவத்தின்போது எனக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த கை அது. இவரை விட்டு நகர முடியாததால் அடக்கத்துக்குக்கூட நான் போகவில்லை. அண்ணனுக்கு அந்த அம்மா மேல் உயிர். நவம்பர் மாதம், கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு, ஒரு மதியம் அந்த மொபெட் எங்கள் வாசலில் நின்றது. நிற்பதற்கு முன்னாலேயே இவருக்குத் தெரிந்துவிட்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாலு வருடத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

அண்ணன் இளைத்திருந்தார். கட்டிலோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். இவர் கையைப் பிடித்தார். "என்னடா மாப்ள" என்றார். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. சம்சாரத்துக்காகப் பலனை ஒப்புக்கொடுக்க வந்திருப்பதாக என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவாவது அவரை மெச்ச வேண்டும். மந்திரங்களை நிதானமாகச் சொன்னார். சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடியும் வாட்சைப் பார்த்தார். சாயங்காலப் பூசைக்கு நேரமாகிறதென்று எழுந்தார். இவர் கையை விடவில்லை. "நாளைக்கி" என்றார். "வரேன்டா" என்று சொல்லி, விரல்களை மெதுவாகப் பிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடியும்போதே இவருக்குச் சட்டை போட வேண்டியிருந்தது. அண்ணன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. சோற்றை ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பின்பக்கம் போய் முருங்கை மரத்தடியில் நின்று ஃபோன் போட்டேன். வரேன்னு சொன்னீங்களே அண்ணே என்றேன்.

"அதான் அன்னிக்கே கெடச்சிடுச்சே தங்கச்சி. அவளுக்கு முழுசா மன்னிப்பாயிடுச்சி. திரும்பவும் வந்து கேட்டா, கெடச்சது மேல நம்பிக்க இல்லாத மாதிரி ஆயிடும்ல."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. இங்கே ஒருத்தர் சோறு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு கிடக்கிறார், அண்ணனுக்கு எல்லாம் முழுசாக முடிந்துவிட்டதாம்.

"சாமியாரு இன்னொண்ணும் சொன்னாரே அண்ணே, மறந்துட்டீங்களா? ஒரு சின்னப் பாவத்து மேலகூட மனசுல ஒட்டு இருக்கக்கூடாதாம். இருந்தா அரைகுறையாத்தான் கெடைக்குமாம். அன்னிக்கி உக்காந்துகினு வாட்ச்ச வாட்ச்ச பாத்தீங்களே, எப்படா எழுந்திருப்போம்னு. அது எந்தக் கணக்குல சேரும்?"

 சரிம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். செத்துப்போன மகராசியைப் பணயம் வைத்து அவர் புருஷனை மிரட்டினேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த நேரம் வேறு வழி தெரியவில்லை. அந்த அம்மா உயிரோடு இருந்தால் அவரே புருஷன் காதைத் திருகி இங்கே அனுப்பியிருப்பார்.

மறுநாள் மொபெட் நின்றது. அண்ணன் வந்தார். வாட்சைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார், மணிக்கட்டில் வெளுத்த தடம் தெரிந்தது. ஆனாலும் போகும்போது வாசலில் நின்று என்னிடம் கேட்டார், இன்றைக்கு முழுசாகக் கிடைத்திருக்குமா தங்கச்சி என்று. எனக்கு எப்படித் தெரியும் அண்ணே, அது உங்கள் மனசுக்குத்தான் தெரியும் என்றேன். அவர் முகம் சுருங்கியது. அதற்கு மறுநாளும் வந்தார்.

இப்படியே வர ஆரம்பித்தார். முதலில் மந்திரம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தார். மழையில் சுரங்கத்துக்குள் சேறு முழங்கால் வரைக்கும் ஏறிய கதை, பளபளக்கிற ஷூ போட்டுக்கொண்டு வந்த புது ஆபீசர் ஒரு ஷூவைச் சேற்றில் விட்டுவிட்டு ஒற்றைக் காலோடு ஜீப்புக்குப் போன கதை, கேண்டீன் போண்டாவை இவர் ஹெல்மெட்டுக்குள் ஒளித்து எடுத்துவந்த கதை. இவர் ஒரு பக்க வாயால் சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். ஒரு நாள் நான் மழிக்க எடுத்து வைத்திருந்த கத்தியை வாங்கி அண்ணனே இவருக்கு முகம் மழித்துவிட்டார். கஞ்சி ஊட்டினார். வழிந்ததைத் துடைத்தார். இந்தத் தடவை எழுந்து ஓடவில்லை. நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். பலனாவது மண்ணாவது, மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. பைத்தியக்காரி நான்.

ஆனால் சாயங்காலப் பூசை மணி நெருங்கினால் அண்ணன் எழுந்துவிடுவார். அதில் மட்டும் மாற்றமில்லை. அதனால் அவரிடமும் நான் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்க முடியவில்லை. யூபிலி ஜனவரியில் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாளோடு முடிகிறது. அதற்கப்புறம் அவருக்கு அவசரம் இருக்காது, நிதானமாக வருவார், உட்காருவார், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுவைத்தேன். திருநாளன்று அவர் கிளம்பும்போது கேட்டும் விட்டேன். நாளைக்கு ஒரு மணி நேரம் இவரோடு இருங்கள் அண்ணே, நான் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்றேன். அதுக்கென்ன தங்கச்சி, வரேன் என்றார். இவர் கட்டிலில் இருந்தபடி "நாளைக்கி" என்றார்.

மறுநாள் மதியம் பெட்டியிலிருந்து நல்ல புடவை எடுத்துக் கட்டினேன். தலை வாரினேன். இவருக்கு மூத்திரப் பை மாற்றி, புண்ணுக்கு மருந்து வைத்து, சட்டை போட்டு, எல்லாம் முடித்து நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டேன். வருடக்கணக்கில் மண்டிக் கிடந்ததை எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆண்டவரே, என் புருஷன் சாகட்டும் என்று வேண்டினேன் என்று ஆரம்பிப்பதா, அவர் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று சொல்லிவிட்டு அப்புறம் சொல்வதா? ஷிஃப்ட் விடும் நேரம் வந்தது. மொபெட்கள் போயின. இவர் ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்கினார். வெயில் வாசற்படியை விட்டு இறங்கிப் போயிற்று. அன்றைக்கு வேறு யாரும்கூட எட்டிப் பார்க்கவில்லை. வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்தது, நான் கிளம்புவதற்குத் தயாராகத் திருப்பிவைத்தது.

பூசை நேரமும் நெருங்கிவிட்டது. இவர் பக்கத்தில் நின்றபடியே அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். எங்கே இருக்கீங்க அண்ணே என்றேன். வீட்டில்தான் இருந்தார். டிவி சத்தம் கேட்டது.

"வருசந்தான் நேத்தோட முடிஞ்சிடுச்சே தங்கச்சி" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் நான் கேட்டிருந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் தடுமாறினார். இன்னொரு நாள் வரேன், மாப்ள எப்படி இருக்கான் என்று கேட்டார்.

இருக்காரு என்றேன். வைத்துவிட்டேன். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதட்டைக் கூட்டினார்.

"முடிஞ்சிட்டா?"

ஃபோன் பேசி முடித்துவிட்டேனா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். ஆமாம், பேசிட்டேன் என்றேன். இல்லை என்று தலையை அசைத்தார். முக்கி முக்கி இன்னொரு வார்த்தையை வெளியே கொண்டுவந்தார்.

"வருசம்."

 அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். அந்தப் பிரசங்கத்தன்று கண்ணை மூடிக் கிடந்தவர் தூங்கவே இல்லை. சாமியார் சொன்ன அத்தனையும் கேட்டிருக்கிறார். யார் யார் எதற்கு வருகிறார்கள் என்று முதல் நாளிலிருந்தே தெரிந்துகொண்டுதான் முகம் மழிக்கச் சொல்லியிருக்கிறார், சட்டை போட்டிருக்கிறார், கையை நீட்டியிருக்கிறார். ஆனால் அண்ணன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நம்பியிருப்பார். என்னை மாதிரியே நம்பியிருப்பார். அது அந்த முகத்தில் தெரிந்தது.

முடிஞ்சிச்சி என்றேன்.

கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு மொபெட் போனது. தலையைத் தூக்கவில்லை.

"கதவச் சாத்து" என்றார்.

நாலு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. நான் எழுந்து போனேன். வெளியே திருப்பிவைத்திருந்த செருப்பை எடுத்து உள்ளே போட்டேன். கதவில் கை வைத்தபோது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்துக் கேட்டார்.

"ஒனக்குக் கெடச்சிட்டா?"

வந்தவர்கள், போனவர்கள், சாமியார், பெற்ற மகள், ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. இல்லை என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் நான் எதைச் சொல்வேன்?

"கெடச்சிச்சி" என்றேன், திரும்பிப் பார்க்காமல். தாழ்ப்பாளைப் போட்டேன்.